இது ஹசியா, ஒணகா? வாண்டுகளோடு இலை, காய், அட்டை வேலை

போன வருஷம் என் மகளுக்கு மூன்றரை வயது. ப்ளேஸ்கூல் வாட்ஸாப் குழுவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு செய்தி வந்தது, திங்கட்கிழமை ‘பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்’ போட்டி, தலைப்பு இயற்கை. ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு நானும் என் கணவரும் உட்கார்ந்து ஒரு மயில் செய்தோம். புதிதாக வாங்கிய தெர்மோகோல், புதிதாக வாங்கிய ஐஸ்க்ரீம் குச்சி, புதிதாக வாங்கிய ஜிகினாத் தூள், ஆடுகிற கண் இரண்டு. வேஸ்ட் என்று அதில் இருந்தது ஒரே ஒரு டிஷ்யூ உருளை, அதற்கும் நன்றாக இருந்த டிஷ்யூவைப் பிரித்துப் போட்டுவிட்டு உருளையை எடுத்தோம். தோகைக்கு மட்டும் பால்கனியில் இருந்து நாலு நிஜ இலை. மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். மயிலுக்கு முதல் பரிசு கிடைத்தது.

ஒரு மாதம் டிவி பக்கத்தில் நின்ற மயில் தூசி படிந்து தோகை உதிர்ந்ததும், காலையில் குப்பை ஆட்டோ வந்தபோது கீழே எடுத்துப் போனேன். ஆட்டோவில் குப்பை வாங்க வருகிற அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது ஹசியாம்மா, ஒணகா?” என்று கேட்டார். பெங்களூரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், ஹசி கச என்றால் ஈரக் குப்பை, ஒண கச என்றால் உலர்ந்த குப்பை. கன்னட வார்த்தைதான், ஆனால் இங்கே தமிழ் வீடு, தெலுங்கு வீடு எல்லாவற்றிலும் வாசலில் புழங்குவது இந்த இரண்டும்தான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இலை இருக்கிறது, அதனால் ஒணகு இல்லை. தெர்மோகோல் இருக்கிறது, அதனால் ஹசியும் இல்லை. ஃபெவிகாலில் ஊறிய அட்டையைப் பழைய பேப்பர்காரர் தொடவே மாட்டார். போதாததற்கு, அலங்காரத் தெர்மோகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை, அது அன்றைக்கு என் மண்டையில் ஏறவே இல்லை.

அன்றைக்கு அந்தக்கா கேட்ட கேள்வியைத்தான் இப்போது விதியாக வைத்திருக்கிறேன். அல்சூரில் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் சனிக்கிழமை காலையில் மூன்றிலிருந்து ஐந்து வயது வரை ஆறேழு வாண்டுகள் கூடுவார்கள். என்ன செய்தாலும் கடைசியில் அது ஹசியா ஒணகா என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடிய வேண்டும், முடியாதென்றால் அதைச் செய்வதில்லை. ஒரு வருஷத்தில் எது சரிப்பட்டது, எது சொதப்பியது என்பதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் பொறுக்கப் போங்கள்

பாதி வேலை பொறுக்குவதுதான், பிள்ளைகளுக்கு அதுதான் ஜாலியான பாதியும். ஆளுக்கு ஒரு மஞ்சப்பை கொடுங்கள், கல்யாணத்துக்குப் போய் வாங்கி வந்தது எப்படியும் வீட்டில் பத்து கிடக்கும். தெருவில் ஒரு சுற்று, இல்லை கப்பன் பார்க். கீழே விழுந்ததை மட்டும்தான் எடுக்க வேண்டும், பறிக்கக் கூடாது என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம் இன்னொரு விதி, எடுத்ததை உடனே பைக்குள் போடக் கூடாது, கையை விரித்துப் பெரியவரிடம் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும். இந்த விதி இல்லாத முதல் வாரத்தில் எதிர் வீட்டுப் பையன் பையில் இருந்து ஏழு சிகரெட் துண்டும் ஒரு செத்த தட்டானும் வந்தன. தட்டானை வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த விஷயத்தில் பெங்களூருக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். 1908-இல் லால்பாக் தாவரவியல் பூங்காவின் பொறுப்புக்கு வந்த க்ரும்பிகல் என்ற ஜெர்மன் தோட்டக்கலைக்காரர், ஒரு மரம் பூத்து முடிக்கும்போது அடுத்தது பூக்கத் தொடங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தெருவோர மரங்களைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் புண்ணியத்தில் எந்த மாதம் மஞ்சப்பையோடு இறங்கினாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. வருஷம் பிறந்ததும் தபேபுயா தெருவெல்லாம் ரோஸ் கலரில் உதிரும், ஆனால் அந்தப் பூ வீடு போய்ச் சேர்வதற்குள் துவண்டுவிடும், கைவேலைக்கு ஆகாது, அங்கேயே தரையில் வட்டமாக அடுக்கி விளையாடிவிட்டு வர வேண்டியதுதான். மகோகனி விதை கிடைத்தால் விடாதீர்கள், மேலே தூக்கிப் போட்டால் ஹெலிகாப்டர் மாதிரி சுற்றிக்கொண்டே இறங்கும், அதன் காய் வெடித்து விழுந்த ஓடு ஒவ்வொன்றும் ஒரு படகு. ஜகரண்டாவின் பூவை எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள், காயை யாரும் பார்ப்பதில்லை, எனக்கு அந்தக் காய்தான் பிடிக்கும். தட்டையாக, வட்டமாக, மரத்தில் செதுக்கிய மாதிரி இருக்கும், காய்ந்து வெடித்ததென்றால் வாயைத் திறந்த தவளைதான். குல்மோகர் காய் ஒரு அடியிலிருந்து இரண்டடி வரை வரும், ஆட்டினால் கிலுகிலுக்கும். சரக்கொன்றைக் காயும் அப்படித்தான், ஆனால் அதற்குள் இருக்கும் கறுப்புப் பசை பேதி மருந்து, காய் உடைந்திருந்தால் கொடுக்காதீர்கள். தூங்குமூஞ்சி மரத்தின் காய் பிசுபிசுவென்று எறும்போடு வரும், எங்கள் வீட்டில் அதற்குத் தடை.

இலை என்றால் அரச இலைதான். நரம்பு புடைத்துக்கொண்டு இருக்கும், நுனி வால் மாதிரி நீளும், நாகர் கல் வைத்த அரசமர மேடை எந்தப் பேட்டைக்குப் போனாலும் ஒன்று இருக்கும்.

தொடக் கூடாதவை

இதை மட்டும் அவசரமாகப் படிக்காதீர்கள். குன்றிமணி அழகாக இருக்கும், பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைத்துத்தான் நாமெல்லாம் வளர்ந்தோம், ஆனால் அதன் விதையை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வாண்டுகள் இருக்கும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம், கண்ணுக்கு மிளகு போதும். ஆமணக்கு விதையும் அதே ரகம். அரளி, மஞ்சள் அரளி, ஊமத்தை, உண்ணிச்செடியின் பச்சைக் காய், எருக்கு எல்லாமே கூடாது, எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிய தொந்தரவு. காலி மனைகளில் வெள்ளைப் பூவோடு இடுப்பளவு நிற்கும் பார்த்தீனியம், இங்கே காங்கிரஸ் புல் என்பார்கள், பார்க்கச் சின்னப் பூங்கொத்து மாதிரி இருப்பதால் பிள்ளைகள் நேராக அதற்குத்தான் ஓடும். தொட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். மழை விட்ட பிறகு போனால் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள், கம்பளிப்பூச்சி இருக்கும்.

மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை கூடவே சுற்றிக்கொண்டிருந்தால், டிஷ்யூ உருளைக்குள் நுழைகிற அளவில் எந்தப் பொருளும் கீழே கிடக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும். மூக்கில் விதையைத் திணித்துக்கொள்வதும் இந்த வயதில் சகஜம். திணித்துக்கொண்டால் நீங்களே ஊக்கும் குச்சியும் விட்டு நோண்டாமல் டாக்டரிடம் போங்கள், ஈரத்தில் விதை ஊதிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்ததும் பையைப் பழைய பேப்பரில் கொட்டி வெயிலில் இரண்டு மணி நேரம் பரப்பி வையுங்கள், உள்ளே இருக்கும் பூச்சியெல்லாம் தானாக இடம் மாறிக்கொள்ளும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், தெருவில் நாய்களும் உண்டே.

முட்டை அட்டையில் தரம் பிரிப்பது

அண்ணாச்சிக் கடையில் முட்டை அட்டை கேட்டால் சும்மாவே தருவார்கள். 30 குழி உள்ள அட்டை. முட்டை உடைந்து கறைபட்டது இருந்தால் வாங்காதீர்கள், நல்லதையும் ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்துவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். அதைப் பரப்பி வைத்துவிட்டு, பொறுக்கி வந்ததை ஒவ்வொரு குழியிலும் போடு என்று சொல்லுங்கள், அவ்வளவுதான். எப்படிப் பிரிப்பது என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். என் மகள் கலர் வைத்துப் பிரித்தாள். எதிர் வீட்டுப் பையன் பெரிய குடும்பம், சின்னக் குடும்பம் என்று பிரித்து, தனியாக இருந்த ஒரு கொட்டைக்கு ‘இவங்க ஊருக்குப் போயிருக்காங்க’ என்றான். இது கைவேலையே இல்லை என்று தோன்றும். ஆனால் எங்கள் சனிக்கிழமைகளில் மிக நீளமாக, நாற்பது நிமிடம் யாரும் எழுந்திருக்காமல் நடந்தது இதுதான். மற்றதெல்லாம் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தாலே பெரிது, அதற்கு மேல் எதிர்பார்த்துத் திட்டம் போட்டால் நீங்கள்தான் தனியாக உட்கார்ந்து முடிக்க வேண்டிவரும். மயில் கதைதான்.

பசை

3 டேபிள்ஸ்பூன் மைதாவை 1 டம்ளர் பச்சைத் தண்ணீரில், 200 மில்லி இருக்கலாம், கட்டியில்லாமல் கரைத்துவிட்டு அப்புறம் அடுப்பில் வையுங்கள். சுடுதண்ணீரில் மைதாவைக் கொட்டினால் கொழுக்கட்டைதான் கிடைக்கும். சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் நாலைந்து நிமிடத்தில் வெள்ளை மாறிப் பளபளவென்று கண்ணாடி மாதிரி வரும், அப்போது இறக்கிவிடுங்கள், ஆறும்போது இன்னும் இறுகும். ஃப்ரிட்ஜில் நாலு நாள் தாங்கும். சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள், அது விஷம், நமக்கு வேண்டாம். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருந்தால் சோறு இருக்கவே இருக்கிறது. குழைந்த பருக்கையை விரலால் நசுக்கித் தேய்த்தால் காகிதம் பிடித்துக்கொள்ளும், என் பாட்டி தபால் உறையெல்லாம் அப்படித்தான் ஒட்டுவார்.

இந்தப் பசை காகிதத்தையும் இலையையும் பிடிக்கும். கொட்டையையும் குச்சியையும் பிடிக்காது, அதற்கு எவ்வளவு அப்பினாலும் காய்ந்ததும் டொக்கென்று விழும், பிள்ளை அழும். கனமானவற்றை ஒட்டவே பார்க்காதீர்கள். களிமண்ணில் குத்தி நிறுத்தலாம், அட்டையில் கீறிச் செருகலாம், வாழைநாரால் கட்டலாம். களிமண் நான் குயவர்கள் இருக்கும் பாட்டரி டவுனில் வாங்குவது, விநாயகர் சதுர்த்தி நெருக்கத்தில் போகாதீர்கள், அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். வாழைநார் பூக்கட்டுகிற அக்காவிடம் கேட்டால் ஒரு கட்டு கிடைக்கும். சூடான பசைத் துப்பாக்கி என்று ஒன்று விற்கிறார்கள். அதை வாங்கினால் வேலை முழுக்க உங்கள் கைக்குப் போய்விடும், செய்த பொருளும் பிரிக்க முடியாதபடி ஆகிவிடும்.

மூன்று வயதுக்கு ஒத்துவருவது

மூன்று வயதுக் கை கிழிக்கும், பிசையும், தட்டும், குத்தும், தடவும். வெட்டுவதும் நேராக ஒட்டுவதும் அந்தக் கைக்கு இன்னும் வராது, கத்தரிக்கோலை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். ஒரு உருண்டைக் களிமண்ணையும் பிரித்து வைத்த முட்டை அட்டையையும் முன்னால் வைத்தால் போதும், அவர்களே குத்தத் தொடங்குவார்கள். ஜகரண்டா காய்க்கு இரண்டு மிளகு வைத்தால் தவளை என்று நான் நினைத்து வைத்திருந்தேன், ஒரு பாப்பா அதைக் களிமண்ணில் நட்டு நிறுத்தி, இது ஊபர் என்றது. சரி, ஊபர்.

கூரியர் அட்டைப்பெட்டியில் இருந்து டேப்பை உரிக்கும் வேலையையும் இவர்களிடமே கொடுங்கள், நகத்தால் சுரண்டிச் சுரண்டி அதை ஒரு திருவிழா மாதிரி செய்வார்கள். உங்களுக்கும் அது தேவை, டேப்பும் பெயர் ஒட்டிய தாளும் போன பிறகுதான் அந்த அட்டை மக்க லாயக்கு.

இலை மேல் தாளை வைத்து க்ரேயானைப் படுக்கவைத்துத் தேய்ப்பது பழைய வித்தை, ஆனாலும் முதல்முறை நரம்பு ஒவ்வொன்றாகத் தாளில் எழும்பும்போது அந்த வாயைப் பார்க்க வேண்டும். இலையின் முதுகுப் பக்கம் மேலே இருக்க வேண்டும், தாள் நகராமல் நீங்கள் இரண்டு மூலையையும் பிடித்துக்கொள்ள வேண்டும், அது ஒன்றுதான் உங்கள் வேலை. ஒரு பக்கம் பிரிண்ட் ஆன ஆபீஸ் தாள் இதற்கு அளவான மெல்லிசு. மெழுகு பட்ட தாள் என்பதால் இது ஒண கச.

மஞ்சள் சிவப்பாவது

பெயின்ட் வாங்க வேண்டாம், சமையலறையிலேயே இருக்கிறது. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒன்றுக்காகவே சில பிள்ளைகள் மழையிலும் வந்தார்கள்.

ஒரு கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளை அரை டம்ளர் தண்ணீரில் கரையுங்கள். இன்னொரு கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் ஆப்பசோடாவும் அதே அளவு தண்ணீரும். கூரியர் அட்டையை உள்ளங்கை அளவு கிழித்து, முதலில் மஞ்சளை முழுக்கப் பூசி காற்றில் கொஞ்சம் உலரவிட வேண்டும். அப்புறம் பஞ்சு சுற்றிய குச்சி வேண்டாம், பிரஷ் வேண்டாம், காய்ந்த குல்மோகர் காம்போ புல்லோ சோடாத் தண்ணீரில் தோய்த்து அட்டையில் இழுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் மாதிரி இருக்கும் ஒன்று பட்ட இடமெல்லாம் ரத்தச் சிவப்பாகக் கோடு எழும்பும். முதல்முறை ஒருத்தரும் பேசவில்லை. அப்புறம் ஒரே கூச்சல். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவக்குமே, அதே சங்கதிதான், காரம் பட்டால் மஞ்சளின் நிறம் மாறும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் எரித்துவிடும் என்பதால் நாம் சோடாவுக்கு மாறிக்கொள்கிறோம். சிவந்த கோட்டின் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் திரும்ப மஞ்சள். இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த ஒரு நான்கு வயதுக்காரன், கை தவறி.

சங்குப்பூ கிடைத்தால் வெந்நீரில் போடுங்கள், நீலம் இறங்கும். எலுமிச்சை விட்டால் ஊதா, சோடா விட்டால் பச்சைப் பக்கம் போகும். பீட்ரூட் வந்த அன்று அழகு, நாலு நாளில் பழுப்பு. மஞ்சளும் வெயிலில் வெளுத்துவிடும். வெளுக்கட்டும், இது என்ன தஞ்சாவூர் ஓவியமா. ஆனால் பிள்ளைகளுக்குப் பழைய பனியனைப் போட்டு விடுங்கள், மஞ்சள் கறைக்கு நான் பொறுப்பில்லை.

கூழ்க் கிண்ணம்

நம் ஊர்ப் பக்கம் பாட்டிமார் பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் அரைத்து, சட்டியைக் கவிழ்த்து அதன் மேல் அப்பிக் கூடை செய்வார்கள், முறத்துக்கும் அந்தக் கூழை மெழுகுவார்கள். அதன் குட்டி வடிவம்தான் இது. நியூஸ்பேப்பருக்குப் பதிலாக முட்டை அட்டையை எடுத்துக்கொள்ளலாம், அது ஏற்கெனவே கூழில் செய்தது, சீக்கிரம் கரையும், அச்சு மையும் இல்லை.

ஒரு அட்டையை விரல்நுனி அளவுக்குக் கிழிக்கச் சொல்லுங்கள். கிழிப்பது என்றால் அவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கொதிக்கும் தண்ணீரை நீங்கள் ஊற்றி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள், முட்டைக் கடையில் இருந்து வந்த கிருமிக்கும் அது நல்லது. 2 டேபிள்ஸ்பூன் வெந்தயத்தைத் தனியாக ஊறப்போடுங்கள். மறுநாள் வெந்தயத்தை மிக்ஸியில் கொழகொழவென்று அரைத்து, அட்டையைப் பிழிந்து, இரண்டையும் ஒரு அகலமான தாம்பாளத்தில் கொட்டிவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள். சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி ஆறு கைகள் பிசையும். கட்டிகட்டியாக இருந்தால் பரவாயில்லை. வாயில் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு, வெந்தயக் கசப்பு அடுத்த வாய்க்கு விடாது.

எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து ஈரத்துணி போட்டு, அதன் மேல் கூழை அரை விரல் கனத்துக்குத் தட்டித் தட்டி அப்ப வேண்டும். மெல்லிசாக விட்டால் காயும்போது விரிசல் விடும். நான் முதல் தடவை துணி போடாமல் அப்பினேன், ஏழு கிண்ணமும் கூழை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தன, என் மாமியார் சாம்பார்க் கிண்ணத்தைத் தேடிக்கொண்டு கீழே வந்துவிட்டார். வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். ஜூனில் இருந்து அக்டோபர் வரை இங்கே மழை, மின்விசிறிக்குக் கீழே ஐந்தாறு நாள் ஆகும், பூஞ்சை பிடித்தால் தயங்காமல் உரத்தொட்டியில் போட்டுவிட்டு டிசம்பர் வரை காத்திருங்கள்.

காய்ந்ததும் அது கிண்ணமா, குருவிக் கூடா, தொப்பியா என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

கொஞ்சம் பெரியவர்களுக்கு

நான்கரை ஐந்து வயதுக்காரர்கள் நெய்வார்கள். ஒரு சாண் அட்டையின் மேலும் கீழும் விரல் இடைவெளி விட்டு ஏழு கீறல் போட்டு, வாழைநாரையோ பூ கட்டிய நூலையோ மேலும் கீழுமாக இழுத்துக் கட்டிக் கொடுங்கள், அது உங்கள் வேலை. அதன் குறுக்கே புல், காம்பு, நீளமான இலை எல்லாம் ஒன்று விட்டு ஒன்று நுழைப்பது அவர்கள் வேலை. ஒன்று விட்டு ஒன்று வராது, மூன்று விட்டு ஒன்று வரும், திருத்தாதீர்கள். ஒரு வாரத்தில் பச்சையெல்லாம் வைக்கோல் நிறமாக மாறும்போது அவர்களே வந்து பார்த்துச் சொல்வார்கள்.

தென்னை ஓலை பெங்களூரில் ஏகத்துக்கும் விழுகிறது. பாம்பு, கைக்கடிகாரம், காத்தாடி எல்லாம் எப்படி மடிப்பது என்று எழுதிப் புரியவைக்க என்னால் முடியாது. வீட்டில் தாத்தா யாராவது இருந்தால் ஒரு ஓலையைக் கையில் கொடுத்து, “அப்பா, இதுல ஏதோ செய்வீங்களே” என்று மட்டும் கேளுங்கள். ஆம்பூரில் இருந்து வந்திருந்த என் அப்பா நாற்பது வருஷமாகத் தொடாததை இரண்டு நிமிடத்தில் மடித்துப் பேத்தி கையில் கட்டிவிட்டார், மணி கேட்டால் ‘இட்லி மணி’ என்று அவள் சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஈர்க்குச்சியை மட்டும் பெரியவர்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கண்ணைக் குத்தும்.

உங்கள் கை

நாலு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று இருந்தால் சமாளிக்கலாம். ஆனால் அந்தப் பெரியவரின் கைதான் பிரச்சினை, அது சும்மா இருக்காது. இலையைக் கொஞ்சம் நேராக்கலாமே என்று போகும், அப்புறம் மயில் வந்து நிற்கும். நான் கண்ட வழி, கைக்கு வேறு வேலை கொடுத்துவிடுவது. அவரைக்காய் சீசனில் ஒரு படி ஊறவைத்த அவரைக் கொட்டையை மடியில் வைத்துக்கொண்டு பிதுக்குப் பருப்புக்குப் பிதுக்கிக்கொண்டே இருப்பேன். கண் பிள்ளைகள் மேல், கை பருப்பின் மேல். உரித்த தோலெல்லாம் அவர்களுக்குப் போகும், தண்ணீர்த் தொட்டியில் படகு விட. சீசன் இல்லாவிட்டால் கீரை ஆய்வேன். கூட்டத்துக்கு வருகிற அம்மாக்களையும், போனைக் கையில் எடுக்காதீர்கள், பூண்டு உரிக்கக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டேன், ஒருவர் மட்டும் கோபித்துக்கொண்டார்.

முடிந்த பிறகு

ஒரு வாரம் ஜன்னல் திட்டில் இருக்கட்டும். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த சனிக்கிழமை, புது வேலை தொடங்கும் முன்பு, பழையதைப் பிரிக்க வேண்டும், இதையும் பிள்ளைகளே செய்ய வேண்டும். களிமண்ணில் குத்தியதைப் பிடுங்கிவிட்டால் களிமண் திரும்ப உருண்டை, ஈரத்துணி சுற்றி டப்பாவில் போட்டுவிடலாம். பசையோடு இருக்கும் அட்டையைத் தண்ணீரில் நனைத்துக் கிழித்தால் இலை, மைதா, மஞ்சள் எல்லாம் சேர்ந்து உரத்தொட்டிக்குப் போகும், உரத்தொட்டி இல்லாதவர்கள் ஹசியில் போடலாம். க்ரேயான் தாளும் பூ கட்டிய நூலும் ஒணகில். முதல் இரண்டு மூன்று தடவை அழுகை வரும். ஒரு பொருளை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று சலுகை கொடுத்தோம், என் மகள் வைத்துக்கொண்டது ஒரு கல்.

கூழ்க் கிண்ணத்துக்கு மட்டும் வேறு கதி. பாதி வரை உரமண் போட்டு, ஊறவைத்த வெந்தயம் ஒரு கை தூவி, தினமும் கையில் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் முளை தெரியும். கிண்ணமும் மெல்லக் கரைந்து தொளதொளவென்று ஆகும், பயப்படாமல் அப்படியே தூக்கிப் பெரிய தொட்டிக்குள் வைத்துவிடுங்கள், கிண்ணம் மண்ணோடு போய்விடும். பத்துப் பதினைந்து நாளில் கீரையைக் கிள்ளலாம். எங்கள் வீட்டில் அன்றைக்குப் பருப்பில் போட்டேன். அவளே தண்ணீர் ஊற்றி வளர்த்தது, ஆசையாகச் சாப்பிடுவாள் என்று நினைத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளி, “அம்மா, இது ஹசி கச” என்றாள்.